லாஸ் அலமோஸை விட்டு வெளியேறியவர்

அவைக்கு வணக்கம்.

நோபல் பரிசு என்றதும் நம் ஊரில் மூன்று பெயர்கள் தானாக வாயில் வரும். 1930இல் சர் சி.வி.ராமன், 1983இல் சந்திரசேகர், 2009இல் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். நான் இன்று பேச வந்தது வேறோர் இயற்பியலாளரைப் பற்றி. அவருக்குக் கிடைத்தது 1995ஆம் ஆண்டின் அமைதிப் பரிசு. பெயர் ஜோசப் ரோட்பிளாட்.

டைனமைட் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபல் 1895இல் எழுதிய உயிலில் அறிவியலும் அமைதியும் அடுத்தடுத்தே இருக்கின்றன. அறிவியல் பரிசுகளை ஸ்வீடனிடம் விட்டவர், அமைதிப் பரிசை மட்டும் நார்வே நாடாளுமன்றம் அமர்த்தும் ஐவர் குழுவிடம் ஒப்படைத்தார். 1901இல் எக்ஸ் கதிர் கண்ட ரான்ட்ஜெனும் செஞ்சிலுவைச் சங்கம் பிறக்கக் காரணமான ஹென்றி துனாந்தும் முதல் பரிசுகளைப் பெற்றார்கள். இரண்டு பக்கமும் பரிசு வாங்கியவர் லைனஸ் பாலிங்: 1954இல் வேதியியல், அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்ததற்காக 1962இன் அமைதிப் பரிசு. சரி, ரோட்பிளாட்டுக்கு வருவோம்.

1908இல் வார்சாவில் பிறந்த யூதர். 1939இல் இங்கிலாந்தின் லிவர்பூலுக்கு, நியூட்ரானைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் சாட்விக்கிடம் ஆராய்ச்சி செய்ய வந்தார். அந்த ஆகஸ்டில் மனைவி டோலாவை அழைத்துவரப் போலந்துக்குப் போனார். டோலாவுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. பயணம் செய்ய முடியவில்லை. ‘நீங்கள் முன்னால் போங்கள், நான் பின்னால் வருகிறேன்’ என்ற ஏற்பாடு. இவர் திரும்பிய ஓரிரு நாளில் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்துவிட்டது. டோலா நாஜிகளின் படுகொலையில் மாண்டார். ரோட்பிளாட் கடைசிவரை மறுமணம் செய்துகொள்ளவில்லை.

ஹிட்லர் கையில் முதலில் அணுகுண்டு கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம்தான் 1944இல் இவரை அமெரிக்கா ரகசியமாக அணுகுண்டு செய்துகொண்டிருந்த லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனது. அங்கே சாட்விக் வீட்டில் ஒரு விருந்து. குண்டுத் திட்டத்தின் ராணுவத் தலைவர் ஜெனரல் குரோவ்ஸும் வந்திருந்தார். இந்தக் குண்டின் உண்மையான நோக்கம் ரஷ்யர்களை அடக்கி வைப்பதுதான் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அப்போது ரஷ்யா அமெரிக்காவின் நட்பு நாடு. ஹிட்லரின் படையோடு மோதி அன்றாடம் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டின் இறுதியில், ஜெர்மனி அணுகுண்டு முயற்சியைக் கைவிட்டுவிட்டது என்று தெரிந்தது. வந்த காரணம் போய்விட்டது, ரோட்பிளாட் விலகினார். மனசாட்சி உறுத்தி அந்தத் திட்டத்திலிருந்து வெளியேறிய ஒரே விஞ்ஞானி என்று அவரைச் சொல்வார்கள். சும்மா விடுவார்களா? ரஷ்ய உளவாளி என்று சந்தேகித்தார்கள். உண்மைக் காரணத்தைச் சக விஞ்ஞானிகளிடம் சொல்லக்கூடாது என்றார்கள். மனைவியைப் பற்றிய கவலையால் போகிறார் என்றுதான் வெளியே சொல்லப்பட்டது. ஊர் திரும்பும் வழியில் ஆய்வுக் குறிப்புகளும் கடிதங்களும் வைத்திருந்த பெட்டி ரயிலில் காணாமல் போனது. திரும்பக் கிடைக்கவே இல்லை.

ஹிரோஷிமா செய்தியை அவர் வானொலியில்தான் கேட்டார். அப்புறம் லண்டனில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்து, கதிரியக்கம் உடம்பை என்ன செய்கிறது, அதை வைத்தே எப்படிச் சிகிச்சை தருவது என்று ஆராய்ந்தார். 1955இல் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரசலும் ஐன்ஸ்டைனும் அணு ஆயுதத்துக்கு எதிராக அறிக்கை விட்டபோது, அதில் கையெழுத்திட்ட பதினொரு பேரில் இவரும் ஒருவர்.

அதன் தொடர்ச்சியாக உலக விஞ்ஞானிகளை ஒன்றுகூட்ட நினைத்தார்கள். முதல் கூட்டத்தைப் புதுதில்லியில் நடத்துவதாக இருந்தது. எகிப்தின் சூயஸ் கால்வாயை ஒட்டி எழுந்த போர் நெருக்கடியால் தடைப்பட்டு, 1957இல் கனடாவின் பக்வாஷ் என்ற சிற்றூரில் நடந்தது. வந்தவர்கள் 22 விஞ்ஞானிகள். பனிப்போர் காலத்தில் அமெரிக்கரும் ரஷ்யரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிய அபூர்வமான இடம் அது. 1963இன் அணுச்சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கு வழி திறந்ததில் அந்தப் பேச்சுகளுக்குப் பங்கு உண்டு. 1995இன் பரிசில் பாதி ரோட்பிளாட்டுக்கு, பாதி அந்தக் கூட்டத்திலிருந்து வளர்ந்த பக்வாஷ் அமைப்புக்கு. பின்னாளில் நம் எம்.எஸ்.சுவாமிநாதன் அந்த அமைப்புக்குத் தலைவராக இருந்தார்.

பரிசு ஏற்புரையில் ரோட்பிளாட் ஒரு யோசனை சொன்னார்: மருத்துவர்கள் எடுப்பதைப் போல விஞ்ஞானிகளுக்கும் ஓர் உறுதிமொழி வேண்டும். இந்த அரங்கில் பேராசிரியர்கள் இருக்கிறீர்கள். இயற்பியலும் வேதியியலும் கணினியும் படித்து வெளியேறும் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றை உங்கள் துறையிலேயே எழுதலாமே. வாசகத்தை மாணவர்களே விவாதித்து எழுதட்டும். அடுத்த பட்டமளிப்பு விழாவிலேயே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.