கைப்பை லைனிங்கும் மகாதமனியும்

வணக்கம். பழைய கைப்பை வைத்திருப்பவர்களுக்கு இது நடந்திருக்கும். பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுவோம். நேற்றுப் போட்ட ஐந்து ரூபாயைக் காணோம். பையைக் குலுக்கினால் சத்தம் கேட்கிறது, கைக்கு அகப்படவில்லை. கடைசியில் பார்த்தால் உள்துணியில் சின்னக் கிழிசல். அதன் வழியே புகுந்த காசு, லைனிங்குக்கும் வெளித்தோலுக்கும் நடுவில் உருண்டுகொண்டிருக்கும். நான் இன்று பேச வந்த மகாதமனிக் கிழிசல் என்ற நோயும் இதுதான். காசுக்குப் பதில் ரத்தம்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய் மகாதமனி. டாக்டர்கள் நாங்கள் அயோர்ட்டா என்போம். குடைக் கைப்பிடி மாதிரி மேலே போய் வளைந்து, முதுகெலும்பை ஒட்டி வயிறு வரை இறங்கும். அதன் சுவரில் மூன்று அடுக்கு. உள்ளடுக்கு கிழிந்தால் ரத்தம் அதற்குள் புகுந்து, அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகிறது. பொய்யாக ஒரு பாதை உண்டாகி, நிஜப் பாதையை நசுக்குகிறது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் காலுக்கும் ரத்தம் குறையலாம். வெளிச்சுவரும் பிய்ந்தால் ஆள் பிழைப்பது அரிது. 1760இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் இறந்தது இந்த நோயில்தான். பெரும்பாலும் பின்னணியில் இருப்பது ரத்தக் கொதிப்பு, அதுவும் பல வருடம் கண்டுகொள்ளாமல் விட்ட கொதிப்பு.

வலி மெல்ல மெல்ல ஏறுவதில்லை. எடுத்த எடுப்பிலேயே உச்சம். மார்பிலோ, இரண்டு தோள்பட்டைக்கு நடுவிலோ கிழிப்பது போல இருக்கும். வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. அவர்களை மட்டும் குறை சொல்லக் கூடாது. இந்த நோயின் அறுவை சிகிச்சைக்கு வழி திறந்தவரே, தனக்கு இது வந்த அன்றைக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை!

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து மைக்கேல் டிபேக்கியைச் சொல்கிறேன். எனக்குத் தையல் பைத்தியம் உண்டு, அதனால் இவர் கதையை விடமாட்டேன். சிறுவயதில் அம்மாவிடம் தைக்கக் கற்றவர். 1950களில் செயற்கை ரத்தக்குழாய் செய்யக் கடைக்கு நைலான் வாங்கப் போனார். நைலான் தீர்ந்துவிட்டது, டேக்ரான் என்று புதுத் துணி இருக்கிறது என்றார்களாம். அது பாலியஸ்டர்தான், நம் சட்டைத் துணியின் சொந்தக்காரன். வாங்கி வந்து, மனைவியின் தையல் மெஷினில் குழாயாகத் தைத்தார். அந்தத் துணி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 2005 டிசம்பர் 31, அவருக்கு 97 வயது. வீட்டில் தனியாக இருந்தபோது அதே கிழிக்கும் வலி. மாரடைப்பு என்று நினைத்தார். மருத்துவமனைக்குப் போகவே மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. பிப்ரவரியில், இந்த வயதில் மயக்க மருந்து கொடுக்கலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. அப்புறம் நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். பிழைத்து, 2008 ஜூலை வரை இருந்தார்.

அவருக்குக் கிழிந்தது இதயத்தை ஒட்டி மேலேறும் பகுதி. அங்கே கிழிந்தால் இன்றும் பொதுவாக நெஞ்சைத் திறந்துதான் ஆகவேண்டும், அதுவும் உடனே. இடது கைக்குக் கிளை பிரிந்த பிறகு, இறங்கும் பகுதியில் கிழிந்தால் கதை வேறு. முதல் வேலை மருந்தால் அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் இறக்குவது. அதையும் மீறி உறுப்புகளுக்கு ரத்தம் போகாவிட்டாலோ, சுவர் பிய்யும்போல் இருந்தாலோ, வலி அடங்காவிட்டாலோ ஸ்டென்ட் கிராஃப்ட் வைக்கிறோம். உலோகக் கம்பிச் சட்டத்தில் துணி போர்த்திய குழாய் அது. மடக்கிய குடை போல உறைக்குள் அடக்கி, தொடை இடுக்கில் உள்ள தமனி வழியே எக்ஸ்ரே பார்த்தபடி மேலே கொண்டுபோவோம். உறையை உருவினால் விரியும். அந்தச் சில விநாடிகள் ரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே தாழ்த்துவோம், இல்லாவிட்டால் எதிர்காற்றில் குடை பிடித்த மாதிரி இடம் தள்ளிப்போய்விடும். பிரிந்த சுவர் முழுவதையும் ஒட்டத் தேவையில்லை. திரும்பச் சொல்கிறேன், கைப்பையில் காசு புகுந்த அந்தக் கிழிசலை அடைக்க வேண்டும். பொய்ப் பாதைக்கு வரத்து குறைந்தால் அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, நாளாவட்டத்தில் அது சுருங்கும்.

1999இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டிலிருந்தும் ஜெர்மனியின் ஹாம்பர்கிலிருந்தும் இரண்டு குழுக்கள், ஒரே இதழில், இதைச் செய்துகாட்டி எழுதின. சிக்கல் இல்லாத கிழிசலுக்கும் இதை வைக்கலாமா என்று 140 பேரிடம் ஐரோப்பாவில் சோதித்தார்கள். இரண்டு வருடத்தில் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. ஐந்து வருடத்தில் மகாதமனியால் வரும் சாவு, ஸ்டென்ட் வைத்தவர்களிடம் குறைந்திருந்தது. இதைப் பற்றி இன்னும் பேசலாம், ஆனால் ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு நிமிடம்தான் என்று ஒரு விரல் காட்டுகிறார்கள்.

சரி, ஓட்டமாகச் சொல்கிறேன். தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்து கால் செயலிழக்கும் அபாயம் கொஞ்சம் உண்டு. வைக்கும் முன் மருத்துவரிடம் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வைத்த பிறகும் கொதிப்பு மாத்திரை நிற்காது, ஸ்கேன் ஆயுள் முழுக்க உண்டு. வீட்டில் யாருக்காவது இது வந்திருந்தால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகளும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சில குடும்பங்களில்... நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.