திங்கட்கிழமை அழைப்பில் முதல் இரண்டு நிமிடம்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆன இளைஞர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில். எது கஷ்டமாக இருக்கிறது என்று அவர்களைக் கேட்டால், இன்டர்வியூ என்றோ பிரசன்டேஷன் என்றோ பதில் வரும் என்று நினைப்போம். ஆனால் பலரும் சொல்வது வேறு. "மீட்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால அந்த ரெண்டு நிமிஷம் இருக்கே மேடம், அதுதான்."

அந்த இரண்டு நிமிடத்தைக் கொஞ்சம் பார்ப்போம். திங்கட்கிழமை மதியம். சென்னையிலிருந்து நீங்கள் அழைப்பில் சேர்ந்துவிட்டீர்கள். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்திலிருந்து வாடிக்கையாளர் தரப்பில் ஒருவரும் வந்துவிட்டார். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. அவர் கேட்கிறார்: "ஹவ் வாஸ் யுவர் வீக்கெண்ட்?" நீங்கள் "குட்" என்கிறீர்கள். அப்புறம் மௌனம். அவர் ஏதோ டைப் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது.

"குட்" என்ற பதிலில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் நாம் பள்ளியில் பழகியது பரீட்சை ஆங்கிலம். கேட்டதற்கு விடை எழுதியதும் அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். இங்கே அவருக்கு உங்கள் விடையைவிட, மேற்கொண்டு பேச ஒரு பிடிமானம்தான் தேவை. அதனால் என் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: பதிலோடு ஒரு சின்னத் தகவலைச் சேருங்கள், பிறகு கேள்வியை அவரிடமே திருப்பிக் கேளுங்கள். "நல்லா இருந்தது, ஒரு கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தோம், ராத்திரி ரயிலில்தான் திரும்பினோம். உங்களுக்கு எப்படி?" இதை ஆங்கிலத்தில் சொல்ல எட்டாம் வகுப்பு ஆங்கிலம் போதும். அவருக்கோ இப்போது கேட்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. கல்யாணம் எத்தனை நாள் நடக்கும், ரயிலில் எவ்வளவு நேரம், தூங்கினீர்களா என்று அவரே தொடர்வார்.

போலந்தில் பிறந்த மானுடவியலாளர் ப்ரொனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி, நியூகினிக்கு அருகிலுள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் மக்களோடு தங்கி ஆய்வு செய்தவர். இந்த மாதிரிப் பேச்சைப் பற்றி 1923இல் ஒரு கட்டுரை எழுதினார். தகவல் சொல்வது இதன் வேலையே இல்லை, மனிதர்களுக்குள் ஒட்டுறவை உண்டாக்குவதுதான் இதன் வேலை என்றார். பேசாமல் இருக்கிற அந்நியரைக் கண்டால் மனிதனுக்கு இயல்பாகவே ஒரு கலக்கம் வரும் என்றும் அதில் எழுதியிருக்கிறார். நாம் பயத்தில் வாயை மூடிக்கொள்கிறோம். எதிரில் இருப்பவருக்கோ அது விலகலாகத் தெரிகிறது. திறமையான பிள்ளைகளை, அவ்வளவாக ஒட்ட மாட்டார்கள் என்று மற்றவர்கள் எடைபோட்டுவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். இதே பிள்ளைகள் ஊரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் முன்பின் தெரியாதவரிடம் அரை மணி நேரம் பேசுவார்கள். "என்ன, ஊருக்கா?" என்று ஒருவர் கேட்டால் "ஆமாம்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமா என்ன?

வானிலைக்கு வருவோம். இரண்டு ஆங்கிலேயர் சந்தித்தால் முதல் பேச்சு வானிலைதான் என்று 1758லேயே ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் எழுதிவிட்டார். இன்றைக்கும் அப்படித்தான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. "கோல்ட், இஸின்ட் இட்?" என்று ஒருவர் சொன்னால் அவர் எதிர்பார்ப்பது ஒத்துக்கொள்வதை. "இல்லையே, நேற்றைவிடப் பரவாயில்லை" என்று திருத்தினால் பேச்சு முறிந்துவிடும். ஆமாம் என்று சொல்லிவிட்டு உங்கள் ஊர் நிலவரத்தைச் சொல்லுங்கள். நவம்பர் மாதம் சென்னையில் இருப்பவருக்குச் சொல்ல விஷயமா இல்லை? காலையிலிருந்து விடாத மழை, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், ஆனாலும் பால் பாக்கெட் வந்துவிட்டது. இது போதும்.

கடிகார மாற்றமும் நல்ல பேச்சுத்தான். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே வைப்பார்கள். நமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் நாலரை மணி, ஐந்தரை மணி என்று மாறும். அந்த வாரத்தில், மாறிய நேரம் பழகிவிட்டதா, நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டுப் பாருங்கள், கடகடவென்று பேசுவார்கள்.

பிரிட்டிஷ்காரர்கள் காலையில் பார்த்ததும் "யூ ஆல்ரைட்?" என்பார்கள். நம் முகத்தில் ஏதோ வாட்டம் தெரிகிறதோ என்று கலங்க வேண்டாம். அது வெறும் வணக்கம். "யா, குட் தேங்க்ஸ், யூ?" என்றால் முடிந்தது. சர்க்கரை அளவையும் முதுகுவலியையும் அங்கே எடுக்கக் கூடாது.

எதைக் கேட்கக் கூடாது? சம்பளம், வயது, கல்யாணம் ஆயிற்றா, குழந்தை இல்லையா, ஏன் இப்படி இளைத்துவிட்டீர்கள். நம் ஊரில் இவையெல்லாம் அக்கறையில் கேட்பவை, கேட்கிறவர் மனதில் கள்ளம் கிடையாது. அங்கே அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவராக மகளைப் பற்றிச் சொன்னால் மகளைப் பற்றித் தாராளமாகக் கேட்கலாம், அவர் சொல்லாததை நாமாகத் தோண்ட வேண்டாம். வரிக்கு வரி "சார்" போடுவதும் வேண்டியதில்லை. அவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் அப்படியே கூப்பிடுங்கள். மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட முதலில் நாக்கு கூசும், நாலைந்து முறையில் சரியாகிவிடும்.

விருந்தில், கையில் தட்டோடு தனியாக நிற்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி: "ஹவ் டு யூ நோ தி ஹோஸ்ட்?" விருந்து கொடுப்பவரை உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்பதுதான். எல்லோரிடமும் இதற்கு ஒரு கதை இருக்கும். அவர் பேச்சு வேகமாக இருந்து புரியவில்லை என்றால் சும்மா சிரித்துச் சமாளிக்காதீர்கள். "சாரி, ஐ மிஸ்ட் தட்" என்று சொல்லுங்கள். கவனித்துக் கேட்கிறவர் என்ற மரியாதைதான் வரும்.

பேச்சை முடிப்பதற்கும் குறிப்பு உண்டு. "வெல், ஐ வோன்ட் கீப் யூ" என்று அவர் சொன்னால், நம் ஊர் "சரி, அப்புறம்" மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் புதுக் கதை தொடங்கக் கூடாது. உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஒரு நாள் சந்திப்போம் என்று பொதுவாகச் சொன்னால், உடனே எந்த நாள் என்று கேட்டு நெருக்க வேண்டாம். நிஜமாகவே வீட்டுக்கு அழைக்கிறவர் கிழமையும் நேரமும் சேர்த்துச் சொல்வார். அப்படி அழைத்தால் தயங்காமல் போங்கள். கையில் ஒரு டப்பா மைசூர்பாகு எடுத்துப் போனால், இது என்ன, எதில் செய்தது என்று அவர்களே பேச்சைத் தொடங்கிவிடுவார்கள்.

நன்றி, வணக்கம்.