ஒரு டிஸ்க் பழுதான பிறகு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

மண்டபம் முதல் தொண்டி வரை நம் கரையோரத்தில் ஐஸ் கம்பெனிகளும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் போட்டோ ஸ்டுடியோக்களும் தங்கள் கணக்குகளையும் படங்களையும் இன்று கணினியின் ஹார்ட் டிஸ்க்கில்தான் வைத்திருக்கின்றன. உப்புக் காற்று மின்னணுச் சாதனங்களின் இணைப்புகளை அரித்துவிடும் ஊர் நம்முடையது. ஆகவே டிஸ்க் ஒருநாள் பழுதாகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

அதற்கான வழிகளில் எளியது மிரரிங். எழுதப்படும் ஒவ்வொரு தகவலும் இரண்டு டிஸ்க்குகளிலும் பதிவாகும். ஒன்று நின்றுபோனாலும் மற்றொன்றைக் கொண்டு வேலை தடையின்றி நடக்கும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 1988இல், பல டிஸ்க்குகளை ஒன்றுசேர்த்துப் பயன்படுத்தும் 'ரெய்டு' முறைகளை எண்ணிட்டு வகைப்படுத்தியபோது, இதற்கு முதலாம் எண்ணைக் கொடுத்தார்கள். 4 டெராபைட் டிஸ்க்குகள் இரண்டை வாங்கினாலும் 4 டெராபைட்டே பயன்படும் என்பது இதன் விலை.

இரண்டு டிஸ்க்குகளைப் பொருத்தியதோடு பாதுகாப்பு முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகிறார்கள். ஒன்று பழுதான கணத்திலிருந்து, புதியது வந்து முழுப் பிரதியும் எடுக்கப்படும் வரை, நம் தரவு ஒற்றை டிஸ்க்கை நம்பியே இருக்கிறது. அந்த இடைவெளியில் கணினி என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் மிரரிங் கொள்கை. லினக்ஸ் இயங்குதளத்தில் டிஸ்க் இடத்தை நிர்வகிக்கும் எல்விஎம் என்னும் மென்பொருளின் மிரர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு: 'ரிமூவ்' என்றால் பழுதான பிரதியை விலக்கிவிட்டு மிஞ்சியதோடு தொடரும், 'அலோகேட்' என்றால் எல்விஎம்மிடம் ஒப்படைத்த டிஸ்க் தொகுப்பில் வேறு டிஸ்க்கில் இடமிருக்குமானால் அங்கே புதிய பிரதியைத் தானே உருவாக்கத் தொடங்கும். அதே எல்விஎம்மில் ரெய்டு வகையாக அமைக்கும் மிரர்களில், நாம் எதையும் மாற்றாவிட்டால், 'வார்ன்' என்பதே நடப்பில் இருக்கும். அதாவது கணினியின் நிகழ்வுப் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை எழுதப்படும், அவ்வளவுதான். அதை யாரும் படிக்காவிட்டால், இரண்டாவது டிஸ்க்கும் நின்ற பிறகே செய்தி தெரியவரும். மாற்று டிஸ்க் மதுரையிலிருந்து வந்து சேரவேண்டிய நம் பகுதிக்கு, உபரி டிஸ்க் ஒன்றை முன்பே பொருத்தி 'அலோகேட்' என வைப்பதே தகும் என்பது என் உறுதியான கருத்து.

புதிய பிரதி எடுக்கும்போது மிஞ்சிய டிஸ்க் முழுவதும் வாசிக்கப்படுகிறது. நெடுநாள் தொடாத பகுதியில் மறைந்திருந்த பழுது அப்போதுதான் வெளிப்படும். ஆகவே மாதம் ஒருமுறையேனும் இரு டிஸ்க்குகளையும் முழுமையாக வாசித்து ஒப்பிடும் சோதனையை ஓட்ட வேண்டும். இரண்டையும் ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வாங்காமலிருப்பதும் நல்லது, ஏனெனில் ஒரே குறை இரண்டிலும் இருக்கக்கூடும்.

தவறுதலாக அழித்த கோப்பு மட்டும் மிரரிங்கால் திரும்பாது. அந்த அழிப்பும் இரண்டிலும் உடனே நடந்துவிடும். ஒரே அறையில் இருக்கும் இரு டிஸ்க்குகளையும் ஒரே வெள்ளம் கொண்டுபோகும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி என்னவாயிற்று என்று நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. எனவே மூன்றாவது பிரதி ஒன்று கடலிலிருந்து விலகிய ஊரில் இருக்கட்டும்; அதிலிருந்து அவ்வப்போது ஒரு கோப்பை மீட்டுத் திறந்து பாருங்கள்.

நன்றி, வணக்கம்.