சட்டென்று கேட்கிற மருந்தைத்தான் முதலில் சந்தேகப்படணும்

நேயர்களுக்கு வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை பக்கம் ஒரு மருந்துக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற மருந்தாளுநர் நான். போலி மருந்து என்றதும் பெரிய கம்பெனி டப்பாவைப் பார்த்து அப்படியே அச்சடித்த டப்பாதான் பலருக்கும் ஞாபகம் வரும். அதுவும் உண்டு. ஆனால் நம்ம மாவட்டத்தில் எனக்குப் பயம் தருவது வேறொரு வகை. வெளியே மூலிகை என்று பேர் இருக்கும், உள்ளே இங்கிலீஷ் மருந்து கலந்திருக்கும்.

நம்ம ஊரில் வர்ம வைத்தியமும் சித்தாவும் ஆயுர்வேதமும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது, கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியே இருக்கிறது. முறையாகப் படித்துச் செய்கிறவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் சம்பாதித்து வைத்த நம்பிக்கையில்தான் போலிக்காரன் வியாபாரம் பண்ணுகிறான், அதுதான் எரிச்சல்.

கடைக்கு ஒரு அம்மா வந்தார், ரப்பர் பால் வெட்டப் போகிறவர். கையில் ஸ்டேப்ளர் அடித்த பாலிதீன் கவர், உள்ளே பழுப்பு நிறப் பொடி, மேலே பேனாவால் "காலை, இரவு" என்று மட்டும் எழுதியிருந்தது. செய்த இடம் இல்லை, தேதி இல்லை, என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரி இல்லை. "மூணே நாள்ல முட்டு வலி போச்சு மக்கா, ஆனா மொகம்தான் இப்படி ஊதிட்டு வருது" என்றார். வேரும் இலையும் இடித்த பொடி பழைய முட்டுவலியை மூணு நாளில் நிறுத்தாது. அப்படி நின்றால் டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டோ, டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையோ உள்ளே இருக்கிறதா என்று சந்தேகப்பட்டே ஆகணும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு உள்ளே போனால் முகம் உருண்டு வீங்கும், சர்க்கரையும் பிரஷரும் ஏறும், எலும்பு தேயும். இன்னொரு கஷ்டம், பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் உடம்பு தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து என்று போகலாம். அதனால் அந்த அம்மாவிடம் பொடியைத் தூக்கிப் போடாதீங்க, கவரோடு ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் காட்டுங்க என்றுதான் சொல்லி அனுப்பினேன்.

சர்க்கரைக்கு என்று விற்கும் பொடிகளிலும் இதே கதைதான். கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் பொடித்துக் கலந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. டாக்டர் தந்த மாத்திரையையும் போட்டு இதையும் குடித்தால் ராத்திரி தூக்கத்திலேயே சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கும். ஆண்மைக்கு என்று விற்கிற லேகியங்கள் சிலவற்றில் சில்டெனாஃபில் என்ற இங்கிலீஷ் மருந்து இருக்கும், நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கிறவர்கள் அதையும் சாப்பிட்டால் பிரஷர் சடாரென்று விழும். வெட்கத்தில் இதை டாக்டரிடம் சொல்வதில்லை, அங்கேதான் உயிர் போகிறது. உடம்பு மெலிய விற்கிற காப்ஸ்யூல்களில் சிபுட்ராமின், மாரடைப்பும் பக்கவாதமும் கூடும் என்று நம்ம நாட்டில் 2011-லேயே தடை செய்த மருந்து.

களியக்காவிளை தாண்டினால் கேரளம், அங்கே நடந்தது நமக்குத் தூரம் இல்லை. மலப்புரம் மாவட்டத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையில் சிறுநீரில் புரதம் போய் கால், முகம் வீங்கி வந்தவர்களை ஆராய்ந்தபோது, ஒரே வகை அபூர்வ சிறுநீரக நோய் 15 பேருக்கு இருந்தது, அதில் 13 பேர் முகம் வெளுக்கிற க்ரீம் போட்டவர்கள். காரணம் பாதரசம். தோல் வழியாகவே ரத்தத்துக்குப் போகும், க்ரீம் பூசிய கன்னத்தோடு பிள்ளையைக் கொஞ்சினால் பிள்ளைக்கும் ஒட்டும். கல்ஃபிலிருந்து யாரோ கொண்டுவந்தது, ஆன்லைனில் வந்தது, பியூட்டி பார்லரில் பேரில்லாத குப்பியில் தந்தது என்று எப்படி வந்தாலும், இறக்குமதி செய்தவர் முகவரியும் உட்பொருள் விவரமும் இல்லாவிட்டால் தொடாதீங்க. மெர்க்குரி, கலோமெல் என்று பாதரசத்தின் பேர் எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம், ஆனால் எந்தப் போலிக்காரன் அதை எழுதப் போகிறான்? ஒரு வாரத்தில் வெளுத்ததா, அதுவே போதும் அடையாளத்துக்கு.

லேபிளில் நான் முதலில் பார்ப்பது நம்பரைத்தான். சித்தா, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, முழு முகவரி, சேர்ந்த பொருட்கள் எல்லாம் இருக்கணும். சிலர் அதற்குப் பதிலாக 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணை மட்டும் பெரிசாகப் போட்டு "அரசு அனுமதி பெற்றது" என்பார்கள். அது உணவுக்கான எண். நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்க அது அனுமதி இல்லை. உணவு உரிமங்களுக்கான ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற அரசு இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்க, யார் பேரில், எந்த ஊரில், என்ன பொருளுக்கு வாங்கியது என்று வந்துவிடும், சிலநேரம் வேறு ஏதோ கடையின் எண்ணாகக்கூட இருக்கும். அப்புறம் சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யவே 1954-ஆம் வருடச் சட்டத்தில் தடை இருக்கிறது, ஆக "வேரோடு அறுக்கும்" என்கிற நோட்டீஸே ஆள் யாரென்று காட்டிக்கொடுக்கிறது.

வீட்டுச் சோதனைகளை நம்பாதீங்க. மார்த்தாண்டம் தேன் என்று சொல்லி ரோட்டோரம் விற்பதை வாங்கித் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார்கள், அடியில் போய் உட்கார்ந்தால் சுத்தத் தேன் என்கிறார்கள். ஆனால் கெட்டியான சர்க்கரைப் பாகும் அதே மாதிரி அடியில்தான் போய் உட்காரும்.

பில் கேளுங்க, தரமாட்டேன் என்றால் வாங்காதீங்க. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் போகும்போது கவரையும் மிச்சப் பொடியையும் கொண்டுபோங்க. மருந்தால் உபத்திரவம் வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் நோயாளியே நேரடியாகச் சொல்லலாம், தமிழ்நாட்டு சுகாதார உதவிக்கு 104 இருக்கிறது. கடையைப் பற்றிய புகார் என்றால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் பாக்கெட்டோடு போங்க. நன்றி, வணக்கம்.