மாதவிலக்கு நின்ற பிறகும் மருத்துவம் உண்டு

(கோத்தகிரியில் தோட்டத் தொழிலாளர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் ஆற்றிய உரை)

தாய்மார்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

கருவுற்ற பெண்ணை மாதந்தோறும் எடை பார்த்து, ரத்தம் சோதித்து, ஊசி போட்டுக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்கும் நாம், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை முடிந்ததும் அவளுடைய கருப்பையை மறந்துவிடுகிறோம், அவளும் மறந்துவிடுகிறாள். என் கவலையெல்லாம் அதற்குப் பிந்தைய ஆண்டுகளைப் பற்றியது.

இளம்பெண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 15 வயதாகியும் பூப்படையாத பெண்ணையும், மாதவிலக்கு 8 நாட்களைத் தாண்டும் பெண்ணையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து ரத்தசோகையை உண்டாக்கும் பரம்பரை நோயான அரிவாள் செல் குறைபாடு இந்தியாவில் முதன்முதலாக 1952-இல் கண்டறியப்பட்டது இந்த நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். கணவன், மனைவி இருவரிடமும் அந்த மரபணு மறைந்திருந்தால், ஒவ்வொரு கருவிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால், கருவுறும் முன்பே இருவரும் ரத்தம் சோதித்துக்கொள்வது நல்லது.

இனி நாற்பதைக் கடந்தவர்கள். பல பிரசவங்களைக் கண்டு, கொழுந்து மூட்டை சுமந்து, மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிய பெண்ணுக்கு இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்து கருப்பை கீழே இறங்கலாம். இருமினால் சிறுநீர் கசியும். அடியில் ஏதோ தட்டுப்படும். வேலைக்காட்டில் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரே குடிக்காமல் பகலைக் கழிப்பவளுக்குச் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்துகொள்கிறது. இதை வெளியே சொன்னால் கருப்பையை எடுத்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் ஆண்டுக்கணக்காக மறைக்கிறார்கள். தசைப் பயிற்சியும், கருப்பையைத் தாங்க உள்ளே பொருத்தும் வளையமும் பலருக்குப் போதும். எல்லோருக்கும் அறுவை தேவைப்படுவதில்லை.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு 30 வயது முதல் பரிசோதனை உண்டு. அசிடிக் அமிலக் கரைசலைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாறுபட்ட திசு வெள்ளையாகத் தெரியும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இம்முறை அவ்வளவு நம்பகமானதன்று என்பதால், இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையே ஏற்றது. மாதவிலக்கு நின்று 12 மாதங்கள் கடந்தபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அதை உடற்சூடு என்று தள்ளிவிடாதீர்கள். அந்த வாரமே மருத்துவமனைக்கு வாருங்கள்.

செவிலியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாமியார் முன்னிலையில் இவற்றைக் கேட்காதீர்கள். உடலைத் தொடும் முன் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அவள் வேண்டாம் என்றால் நிறுத்துங்கள். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடிப் போகிறது. மாத்திரையைக் கொடுத்துவிட்டு உடனே எழுந்துவிடாமல், ரத்தம் பட்டதா, சிறுநீர் கசிகிறதா, அடியில் ஏதும் இறங்குகிறதா என்ற மூன்றையும் அந்தத் தாயிடம் தனியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.