லூசில் என்னும் கித்தார்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் கித்தார் கலைஞராகவும் குழுத் தலைவராகவும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பி. பி. கிங் அவர்களைப் பற்றி வானொலியில் பேசுவது எனக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது. ஏனென்றால், அந்தப் பெயரே வானொலி தந்த பெயர்.

1925 செப்டம்பர் 16-ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக் காடுகளின் நடுவே, பிறர் நிலத்தை வாரத்துக்கு எடுத்துப் பயிரிடும் குடும்பத்தில் ரைலி கிங் பிறந்தார். பருத்தி எடுத்தும் டிராக்டர் ஓட்டியும் பிழைத்த அவர், மெம்ஃபிஸ் நகருக்குப் போய், கறுப்பின மக்களுக்கென்றே முழு ஒலிபரப்பையும் அமைத்துக்கொண்ட முதல் அமெரிக்க நிலையமான டபிள்யூடிஐஏவில், ஒரு டானிக் விளம்பரத்துக்காகப் பாடத் தொடங்கினார். அங்கே அவரை அந்நகரின் ஒரு தெருப் பெயரால் 'பீல் தெருவின் புளூஸ் பாய்', அதாவது புளூஸ் பையன், என்று அழைத்ததே சுருங்கிச் சுருங்கி 'பி. பி.' ஆயிற்று.

1949-இல் ஒரு குளிர்கால இரவு. ஆர்கன்சா மாநிலத்தின் ட்விஸ்ட் என்ற சிற்றூரில், நடனக் கூடத்தின் நடுவே, குளிர் காய்வதற்காக மண்ணெண்ணெய் ஊற்றிய பீப்பாய் எரிந்துகொண்டிருந்தது. இருவர் கட்டிப் புரண்டதில் பீப்பாய் சாய்ந்து, தரையெல்லாம் தீ ஓடியது. வெளியே தப்பி வந்த கிங், கித்தாரை விட்டுவந்தது நினைவுக்கு வர, எரியும் கூடத்துக்குள் மீண்டும் ஓடி அதை மீட்டார். சண்டைக்குக் காரணமாயிருந்த பெண்ணின் பெயர் லூசில் என்று பின்னர் கேள்விப்பட்டு, அன்றுமுதல் தம் கித்தார்கள் அனைத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தார்; இப்படி இன்னொரு மடத்தனத்தைச் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பெயர் என்று அவர் சொல்வதுண்டு.

அவருடைய உறவினரான புக்கா வைட், கம்பிமேல் குழாயைச் சறுக்கி வாசிப்பதில் வல்லவர். அந்த வித்தை கைவராத கிங், கம்பியில் இடக்கை விரலை ஊன்றி மணிக்கட்டை விரைவாக அசைத்து, அதே நடுக்கத்தை விரலாலேயே வரவழைத்தார். பத்துச் சுரங்கள் விழ வேண்டிய இடத்தில் ஒரே சுரத்தை நிறுத்தி, அதை அழவும் அதட்டவும் வைப்பார். கமகத்தில் பழகிய செவிக்கு அந்தச் சுகம் உடனே பிடிபடும். பாடும்போது அவர் வாசிப்பதில்லை. ஓர் அடியைப் பாடி முடித்தபின் லூசில் அதற்கு மறுமொழி சொல்லும்.

1952-இல் அவருடைய 'த்ரீ ஓ'க்ளாக் புளூஸ்' என்ற பாடல் 'ரிதம் அண்ட் புளூஸ்' இசைத்தட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பெற்றதும், அவர் ஊர் ஊராகப் புறப்பட்டார். 1956-ஆம் ஆண்டில் மட்டும் 342 நிகழ்ச்சிகள். டிரம்பெட், சாக்ஸபோன் கலைஞர்களோடு ஒரு முழுக் குழுவுக்குச் சம்பளம் கொடுத்து, பேருந்தில் ஏற்றி, அடுத்த ஊர் சேர்ப்பது வாசிப்பதைவிடக் கடினமான வேலை. 1958-இல் அந்தப் பேருந்து டெக்சாசில் விபத்துக்குள்ளானபோது காப்பீடு கைகொடுக்கவில்லை. கடனை அடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. குழுவை மட்டும் அவர் கலைக்கவில்லை. அவருடைய பெருமையில் பாதி இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

1969-இல் வயலின்களின் துணையோடு வந்த 'த த்ரில் இஸ் கான்' என்ற பாடல் அவரை உலகறியச் செய்தது. ஆனால் அவரைப் புதிதாகக் கேட்க விரும்புவோருக்கு, 1964-இல் சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவான நிகழ்ச்சியையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அதில் ஒவ்வொரு அடிக்கும் அவையிலிருந்து கூச்சல் எழ, அந்தக் கூச்சலுக்கு ஏற்பக் குழு தணிந்தும் பொங்கியும் வாசிக்கிறது.

2015 மே 14-ஆம் நாள், 89-ஆம் வயதில், லாஸ் வேகாசில் அவர் காலமானார். மிசிசிப்பியின் இண்டியானோலா நகரில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியக வளாகத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்த அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி பழைய செங்கல் கட்டடம். இளம் வயதில் ரைலி கிங் கூலி வேலை செய்த பருத்தி அரவை ஆலை அது.