தாதியர் பேசிப் படிக்கட்டும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, முன்வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் தங்கைகளே, வணக்கம்.

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பிறந்து தாதியரானவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அவர்களில் சிலர் வேலையை விடாமலே இணையம் வழி முதுகலை படிக்கிறார்கள். இரவு 9 மணிக்கு ஒருத்திக்கு ஷிப்ட் முடியும். இன்னொருத்திக்கு அப்போதுதான் தொடங்கும். எல்லாரையும் ஒரே நேரலை வகுப்பில் உட்கார வைக்க முடியாது. அதனால் விரிவுரையாளர்கள் 'வாரம் ஒரு கருத்து எழுது, இரண்டு பேருக்குப் பதில் எழுது' என்று விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளும் "நன்றாகச் சொன்னீர்கள், ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதிக் கடமையை முடிக்கிறார்கள்.

வேறு வழி இருக்கிறது. மூன்று நான்கு பேர் தோதான நேரத்தில் ஸூமிலோ கூகள் மீட்டிலோ கூடி, கொடுத்த நோயாளி விவரத்தை வைத்து வாதாடி, அதைப் பதிவு செய்து விரிவுரையாளருக்கு அனுப்புவது.

அப்படி ஒரு பதிவைப் பார்த்தேன். பாடத்துக்காக அமைத்த கதை: இன்சுலின் போடும் ரப்பர் தோட்டத் தொழிலாளி காலையில் மயங்கி விழுகிறார். "சொல்பேச்சு கேட்காத நோயாளி" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். தோட்டத்தில் வளர்ந்தவள் குறுக்கிட்டாள்: "அக்கா, ஊசி போட்டுக்கிட்டுப் பசியாறாமத்தானே பால்வெட்டுக்குப் போறாரு? இருட்டுல கிளம்புற ஆளுக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?" முதலாமவள் குனிந்து குறிப்பைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது பேச்சே மாறிவிட்டது. ஊசி போடும் வேளை, சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கமும் வியர்வையும், சட்டைப்பையில் வைக்க வேண்டிய இனிப்பு என்று பராமரிப்புத் திட்டத்தையே திருத்தினார்கள். எழுதி அனுப்பியிருந்தால் திருத்திய திட்டம் மட்டும்தான் விரிவுரையாளர் கைக்கு வந்திருக்கும். அது திருந்திய விதம் பதிவில்தான் இருக்கிறது.

இணையக் கல்விக்குச் சிந்தனை, சக மாணவரோடு ஒட்டுறவு, ஆசிரியரின் இருப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்று 2000-இல் கனடாவின் கல்வி ஆய்வாளர்கள் காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்தது எழுத்துவழிக் கலந்துரையாடலை. எழுத்தில் மெனக்கெட்டு வளர்க்க வேண்டிய அந்த ஒட்டுறவு, முகம் பார்த்துப் பேசும்போது பாதி தானாகவே வந்துவிடுகிறது. வார்டில் ஷிப்ட் மாறும்போது நோயாளியை ஒப்படைப்பதும் வாய்ப்பேச்சில்தானே!

கவனம் வேண்டும். உண்மையான நோயாளியின் பெயரோ படுக்கை எண்ணோ வாயில் வரக் கூடாது. பதிவை யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று சொல்லி, எல்லாரும் சம்மதித்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பகிரவே கூடாது. தோட்டத்துக்குள் லைன் கிடைக்காமல் குரலோடு மட்டும் கலந்துகொள்பவளுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

விரிவுரையாளர்களே, பதிவை முழுதாகப் பாருங்கள். வருகையைக் குறித்துவிட்டு மூடிவிடாதீர்கள். பெற்றோரே, கணவன்மாரே, அந்த ஒரு மணி நேரம் அவள் அறைக் கதவைத் தட்டாதீர்கள். அன்றைக்குச் சோறாக்குவதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.